தொட்டிலை விற்றவள்

பினாங்குத் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் பரிபூரணத்தைத் தெரியாதவர்கள் அந்த நாளில் கிடையாது. அவள் பாட்டுக்காரி அல்ல. குரல் கரகரப்பு. கீர்த்தனை பாடும் வேளையில் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று வாயை மட்டும் அசைப்பாள். ஆனால் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகையன்று, ஆராதனை முடிந்து பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலத்துக்குக் காத்திருக்கும்போது, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னே வந்து நிற்பாள். மெட்டில்லை, தாளமில்லை. வெறும் பேச்சாகவே தன் சாட்சியைச் செய்யுளில் சொல்லுவாள். துடுப்புப் போடுகிறவர்கள் மூச்சை இழுத்து விடுவதுபோல ஒவ்வொரு வரியும் ஏறி இறங்கும். சபை வாய் திறக்காது.

அவளைப் பெரிய கவி என்று சொல்வதற்கில்லை. நூற்றிருபது வரிகளில் பாதிக்கு மேல், நான்கு கீர்த்தனை தெரிந்த எவரும் கட்டக்கூடியவைதான். பாவம் வந்தால் அடுத்த அடியில் சாபம் வரும். சிலுவை வந்தால் கண்ணீர் வரும். இடையிடையே நாலைந்து வரிகள் மட்டும் வேறு மாதிரி இருக்கும். விட்டு வந்த கணவனைப் பற்றிய இந்த வரி அவற்றில் ஒன்று:

பேரிலே அர்ஜுனன், பிடித்ததோ கள்மொந்தை;
ஊரெல்லாம் தெரியும், உலை மட்டும் கொதிக்காது.

இதற்குச் சபை சிரிக்கும். சிரித்து முடிக்கும் முன்பே அடுத்தது வரும்:

பிள்ளை போன மூன்றாம்நாள் பிரம்புத் தொட்டில் தோளேறிக்
கள்ளுக் கடை போச்சு. கயிறு மட்டும் எனக்காச்சு.

அந்த இடத்தில் அழாதவர்கள் இல்லை. கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணிகள்கூடக் கைக்குட்டையைத் தேடுவார்கள். மிச்சமான கயிற்றைக் கழுத்தில் போடப்போன வேளையில் கோயில் மணி கேட்டதாகவும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து கோயில் வாசலில் விழுந்ததாகவும் பாட்டு மேலே போகும். மணி கேட்டது நிஜம். விழுந்தது நிஜம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில், செங்கமலம் என்ற தன் பேரை விட்டு ஞானஸ்நானத்தில் பரிபூரணம் ஆனதும் நிஜம். தொட்டில் கள்ளுக்கடைக்குப் போனது மட்டும் நிஜமல்ல. அதை விற்றவள் அவள்தான்.

இந்தப் பொய்யை அவள் உட்கார்ந்து யோசித்துக் கட்டவில்லை. ஞானஸ்நானம் ஆன சில மாதத்தில், திங்கட்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அவளைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். குழந்தை செத்ததைச் சொல்லிவிட்டு, "மூணாம் நாளு தொட்டிலும் போச்சு" என்றாள். பாயில் உட்கார்ந்திருந்த ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு, "பாவி! குடிக்கிறதுக்கா வித்தான்?" என்று கேட்டுவிட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் 'பின்னே யார்?' என்று வரும். அதற்குப் பின்னால் 'ஏன்?' என்று வரும். பரிபூரணம் தலையைக் குனிந்தாள். குனிந்த தலையைப் பெண்கள் ஆமென்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் அந்த இடம் வந்தபோது எல்லார் கண்ணும் தயாராக நனைந்திருந்தது. அதற்கடுத்த முறை அது செய்யுளாகிவிட்டது. சொன்னவள் பாதி, கேட்டவர்கள் பாதி. அப்படித்தான் அந்த வரி உண்டானது. ஒரு நினைவைப் பத்து முறை சொன்ன பிறகு, நாம் நினைப்பது நடந்ததை அல்ல, கடைசியாகச் சொன்னதைத்தான். சில வருஷங்களில் அர்ஜுனன் தொட்டிலைத் தோளில் வைத்துப் படியிறங்குவது அவள் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்திருந்தது.

மிஷனில் படிக்கக் கற்றுக்கொடுத்து, வேதாகமப் பெண் என்ற வேலையும் கொடுத்தார்கள். தோளில் துணிப்பையும் கையில் குடையுமாக டத்தோ கிராமாட் பக்கத்து வீடுகளுக்குப் போவாள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு வேதம் வாசிப்பாள், கடுதாசி வாசிப்பாள், பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பாள். மிஷன் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை அவளுக்கு. சாட்சிப்பாட்டை உபதேசியார் வேதமுத்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, நாலு பக்கத் துண்டுப் பிரசுரமாக அச்சடித்தார். அது தோட்டங்களுக்குப் போயிற்று, கள்ளுக்கடை வாசலுக்குப் போயிற்று, பட்டர்வொர்த் போகும் படகிலும் போயிற்று.

போகாத இடம் பாக்கியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில், பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அறை வாசலில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் செருப்பு. மழைச்சேறு கணுக்கால்வரை.

"யாரும்மா? கடுதாசி எதாச்சும் வாசிக்கணுமா?"

"இல்ல பெரியம்மா. நான் வாசிப்பேன்." அந்தப் பெண் செருப்பை வாசலில் வைத்தாள். "நான் லெட்சுமி. அர்ஜுனன் மக."

பெரியம்மா. அந்த முறைச்சொல் பரிபூரணத்தின் மேல் யாரோ கல்லைப் போட்டதுபோல் விழுந்தது. அவன் மறுபடி ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவனுக்கு ஒரு மகள் இருந்தால், தான் அவளுக்குப் பெரியம்மா என்பது இதுவரை தோன்றியதில்லை.

"உள்ள வா. உக்காரு."

லெட்சுமி உட்காரவில்லை. ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். பிரித்துப் பார்க்காமலே அது தன் பாட்டுத்தான் என்று பரிபூரணத்துக்குத் தெரிந்தது.

"படகுல சும்மா குடுத்தாங்களாம். எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ள வீட்டு ஆளு ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டாரு. மாப்பிள்ளயோட அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, நாங்க வச்ச வெத்தலத் தட்டத் திருப்பி அனுப்பிட்டாங்க. பேரப் போட்டிருக்கீங்களே பெரியம்மா! தொங்காங் படகுல சாமான் ஏத்துன அர்ஜுனன் பினாங்குல எத்தன பேரு?"

"அவரு... எப்படி இருக்காரு?"

"குடிய விட்டுப் பன்னண்டு வருசமாச்சு. பிறை ஸ்டேஷன்ல ரயில் வேல. கொடி காட்டுவாரு, கம்பி மாத்துவாரு." பெண் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டு பேசினாள். "நான்தான் அவருக்கு முழுசும் வாசிச்சேன். குடிச்சது நெசம், அடிச்சது நெசம்னாரு. மொந்தைன்னு வருதே, அதுக்குச் சிரிக்கக்கூடச் சிரிச்சாரு. செங்கமலம் வாயி மாறல பாருன்னாரு. தொட்டில் வந்ததும் எழுந்திரிச்சிட்டாரு. 'அத நான் விக்கலம்மா'ன்னாரு. அவ்வளவுதான். ரெண்டு நாளா சோறு எறங்கல."

"கோவமா?"

"கோவப்பட்டிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன். யாரு சொல்றது பொய்யின்னு எனக்குத் தெரியணும்."

வெளியே மிஷன் வீட்டுச் சமையற்காரன் கோழிகளை விரட்டும் சத்தம் கேட்டது. பத்தொன்பது வருஷமாக வாய்க்குள் கிடந்தது வெளியே வர அதிக நேரம் எடுக்கவில்லை.

"அவரு விக்கல."

"அப்ப யாரு?"

"நான்."

லெட்சுமி ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. "அப்ப ஞாயித்துக்கிழம எல்லாரு முன்னாடியும் அதச் சொல்லிடுங்க பெரியம்மா. அந்த ஒரு வரி போதும். மத்தத வச்சுக்கங்க." போகும்போது வாசலில் நின்று திரும்பினாள். "நானும் வருவேன். வெளிய நின்னு கேட்பேன்."

மறுநாள் பரிபூரணம் உபதேசியாரைப் போய்ப் பார்த்தாள். வேதமுத்து கெட்டவர் அல்ல. அவளுக்கு ஜுரம் வந்தபோது கஞ்சி கொடுத்தனுப்பியவர். அவள் வரிகளில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் எழுதியவர். ஏலத்துக்கு வந்த காய்கறிகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, பாட்டுல ஒரு வரிய எடுக்கணும்."

"எடு, எடு. அந்தச் சாபம், பாவம் எல்லாம் எடுத்தாலும் நல்லதுதான்." சிரித்தார். "எந்த வரி?"

"தொட்டில்."

சீட்டுக் கட்டுவதை நிறுத்தினார். "உனக்கென்ன பைத்தியமா? அத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? தலையில்லாத முண்டம் மாதிரி நிக்கும்."

"நடக்கல ஐயா அது. வித்தது நான்."

வேதமுத்து அவளுக்கு ஒரு முக்காலியைத் தள்ளிப் போட்டார். பிறகு மெல்லிய குரலில், ஒரு நோயாளியிடம் பேசுகிறவரைப் போலச் சொன்னார்: "நேத்து அந்தப் பொண்ணு வந்துட்டுப் போனத நானும் பாத்தேன். யாரு, என்னன்னு விசாரிச்சேன். ஒன் மனசு எளகிடுச்சு பரிபூரணம். எளகின மனசு நெசத்தயே மாத்திச் சொல்லும். தப்பில்ல. ஆனா நீ ஒண்ண யோசிக்கணும். அந்த வரியக் கேட்டுட்டுத் தோட்டத்துல ஒருத்தன் மொந்தையப் போட்டு ஒடச்சான். இன்னிக்கு அவன் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போவுது. அவங்கிட்டப் போயி, தம்பி, அது நடக்கலன்னு சொல்லுவியா?"

"அதுக்காக..."

"அதோட, வேணும்னு பொய்ச்சாட்சி சொன்னவள பாதிரி ஐயர் எப்படி வேலையில வைப்பாரு? போ. ஜெபம் பண்ணு. எல்லாம் சரியாயிடும்."

அவர் சொன்ன மொந்தைக்காரன்தான் அவளை அதிகம் வதைத்தான். ஒரு பொய்யினால் ஒருவன் பிழைத்தால், பொய்யை எடுக்கும்போது அவன் விழுவானா? விழமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இன்னொரு பக்கம் தட்டு திரும்பி வந்த வீடு. அவனுக்கு நன்மை வந்துவிட்டது, லெட்சுமிக்குத் தீமை வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் தன் வாயிலிருந்து போனவை. அவள் ஜெபிக்க முழங்காலிட்டாள். சொற்கள் வந்தன, ஆனால் செய்யுளாகவே வந்தன, எழுந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு சேலை, வேதப்புத்தகம், ஒரு தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் தகரப்பெட்டியில் வைத்து மூடிவிட்டுத்தான் கோயிலுக்குப் போனாள். இன்று மாலை இந்த அறையில் தனக்கு இடமிருக்காது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

ஆராதனை முடிந்தது. நிழலுக்குக் கட்டிய கித்தான் பந்தலில் சபை உட்கார்ந்தது. மேசையில் பூசணி, முருங்கைக்கட்டு, கால் கட்டிய கோழிகள். பரிபூரணம் முன்னே வந்தாள். வேலியோரத்தில், செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில், லெட்சுமி நிற்பது தெரிந்தது.

தொடங்கினாள். மொந்தைக்குச் சிரித்தார்கள். பிள்ளையின் ஜுரத்துக்கு அமைதியானார்கள். அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகலாம் என்பதுதான் அவள் திட்டம். முதலில் அந்த வெற்றிடம் எல்லாருக்கும் தெரியட்டும், பிறகு உண்மையைச் சொல்லலாம்.

வெற்றிடமாக இருக்க யாரும் விடவில்லை. அவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டதாக நினைத்து, முன்வரிசையில் ஒரு கிழவி மெல்ல எடுத்துக் கொடுத்தாள்: "பிள்ளை போன மூன்றாம்நாள்..." பின்னாலிருந்து நாலு பேர் சேர்ந்தார்கள். அடுத்த மூச்சில் சபை முழுவதும், ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், எல்லாருமாக அந்த இரண்டு அடியையும் அவளுக்கே சொல்லி முடித்தார்கள்.

"இல்ல!" என்றாள் பரிபூரணம். "அவரு விக்கல. அவரு தொடக்கூட இல்ல. தொட்டில வித்தது நான்."

கோழி ஒன்று கொக்கரித்தது.  இதோ, கல்லெறிவார்கள் என்று அவள் நின்றாள்.

வேதமுத்து எழுந்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அது நடிப்பல்ல. "சபையாரே," என்றார். "கேட்டீங்களா? தன்ன அடிச்சவன், தன் பிள்ளையோட தொட்டில வித்தவன், அவனோட குத்தத்த இந்த அம்மா இன்னிக்குத் தன் தலையில ஏத்திக்கிட்டா. நமக்காக ஒருத்தர் அப்படித்தானே ஏத்துக்கிட்டாரு? இத்தன வருசம் இவ மன்னிப்பப் பத்திப் பேசுனா. இன்னிக்குச் செஞ்சு காட்டிட்டா."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை.

"ஐயோ, நெசமாத்தான் சொல்றேன்! நான்தான் வித்தேன்!"

"ஆமாம்மா, ஆமாம்." பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி முதுகைத் தடவினாள். ஒருத்தி அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் எவ்வளவு மறுத்தாளோ அவ்வளவு அழுதார்கள். ஐயர் கைகளை உயர்த்தி ஜெபித்தார். அந்த உருக்கத்தில் ஏலம் அமர்க்களமாக நடந்தது. ஒரு பூசணிக்காய்க்கு இரண்டு கிராணிகள் சண்டை போட்டார்கள். பரிபூரணம் கூட்டத்துக்குமேல் எட்டிப் பார்த்தபோது செம்பருத்திச் செடியருகே யாருமில்லை.

மாலையில் அறைக்கு வந்து பெட்டியைத் திறந்து தட்டையும் டம்ளரையும் வெளியே எடுத்து வைத்தாள். தண்டனைக்குத் தயாராகப் போனவளுக்கு ஒரு வாழைத்தார் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, வீடு சந்திக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் படகேறினாள். மாப்பிள்ளை வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மாப்பிள்ளையின் தாய் குணவதி, பட்டர்வொர்த் பாசாருக்குப் பின்னால் இடியாப்பம் விற்கிறவள்; தடித்த உடம்பு, கூர்மையான கண். உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்தவள், வந்தவளின் வெள்ளைச் சேலையையும் துணிப்பையையும் பார்த்ததும் உலக்கையை நிறுத்தினாள்.

"வேதக்காரியா? இங்க எல்லாரும் மாரியாத்தா பிள்ளைங்கதான். வேற வீடு பாரு."

"வேதம் வாசிக்க வரல. அந்தப் பாட்டுச் சொன்னவ நான்தான். அர்ஜுனனோட மூத்த தாரம்."

குணவதி உலக்கையைச் சுவரில் சாத்தினாள். "ஓ. அவனே அனுப்பிச்சானா?"

"அவருக்குத் தெரியாது. தொட்டில வித்தது அவரு இல்ல. நான்."

"ஞாயித்துக்கிழம அங்க இப்படித்தான் சொன்னியாம். கேட்டுட்டு வந்த ஆளு, பாவம், மகாத்மா அந்த அம்மா, புருசன் குத்தத்த மறைக்குதுன்னான். நல்லவங்க சொல்ற பொய்யி எனக்கு வேணாம்மா. எம்மவனுக்குப் பொண்ணு எடுக்கிறேன், கோயிலு கட்டல."

பரிபூரணம் வெளியே கிடந்த முக்காலியில், சொல்லாமலே உட்கார்ந்தாள். இனிச் சொல்வதற்கு அவளிடம் செய்யுள் இல்லை.

"எனக்குப் பசி," என்றாள்.

"என்னது?"

"அப்ப. பிள்ள போயி மூணு நாளு. அவரு சாவு வீட்டுக்கே வரல, எங்கியோ குடிச்சிட்டுக் கெடந்தாரு. அழுது அழுது மூணாம் நாளு காலம்பற எனக்குப் பசிச்சிச்சு. அப்படி ஒரு பசி. வீட்டுல ஒண்ணுமில்ல. தொட்டிலத் தூக்கிட்டுப் போயி, பழைய சாமான் எடுக்கிற சீனன்கிட்டக் குடுத்தேன். அரிசி வாங்குனேன்." நிறுத்தினாள். இவ்வளவும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. "அரிசி மட்டும் வாங்கியிருக்கலாம். மீனும் வாங்குனேன்."

"என்ன மீனு?" என்றாள் குணவதி.

"கெம்போங். புளி கரைச்சு ஊத்திக் கொழம்பு வச்சேன். தலையெல்லாம் சப்பிச் சாப்பிட்டேன். ருசியா இருந்திச்சு. பிள்ளைய மண்ணுல வச்சு மூணு நாளு, ருசியா இருந்திச்சு. சாப்பிட்டு முடிச்சப்புறந்தான் அந்தக் கயித்தப் பாத்தேன்."

 குணவதி கையிலிருந்த மாவைச் சேலையில் துடைத்தாள். அவள் முகத்தில் கண்ணீர் இல்லை. அது பரிபூரணத்துக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

"புருசன நல்லவனாக்குறதுக்கு வந்தவ மீன் தலையச் சொல்லமாட்டா," என்றாள் கடைசியில். "இத எதுக்கு இத்தன வருசம் அவன் தலையில கட்டுன?"

"தொட்டில வித்தேன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா மீனச் சொல்லணும்."

"இதயே ஒங்க கோயில்ல சொல்லேன்."

"சொன்னா அதுக்கும் அழுவாங்க."

குணவதி அதற்குச் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டவள் போல உள்ளே போய் இரண்டு இடியாப்பத்தை வாழையிலையில் கொண்டுவந்து வைத்தாள். "தின்னு. பசியோட படகுல ஏறாத. தட்ட மறுபடி அனுப்பச் சொல்லு அந்த வீட்டுக்கு."

தை மாதம் லெட்சுமியின் கல்யாணம் நடந்தது. பரிபூரணத்துக்கு அழைப்பு வரவில்லை. வேதக்காரி ஆகிப்போன மூத்த தாரத்தை எந்த முறையில் அழைப்பது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. படகுக்காரர் ஒருவர் கையில் ஒரு தேங்காயும் வெற்றிலையும் வந்தன. பெரியம்மாவுக்கென்று மட்டும் லெட்சுமி சொல்லியனுப்பியிருந்தாள்.

அதே வாரம் அச்சகத்திலிருந்து புதுப் பிரசுரமும் வந்தது, ஐந்நூறு பிரதி. அர்ஜுனன் என்ற பேரை எடுத்துவிட்டிருந்தார்கள். உபதேசியார் அவள் சொல்லுக்கு அவ்வளவு இடம் கொடுத்திருந்தார். தொட்டில் வரி அப்படியே இருந்தது. பாட்டின் முடிவில் அவரே கட்டிய இரண்டு அடிகள் சேர்ந்திருந்தன:

விற்றவள் நானென்றாள், வினையெல்லாம் தனதென்றாள்;
குற்றமில்லாள் சுமந்தாளே குற்றமுள்ளான் பாரத்தை.

செய்யுள் என்ற அளவில் குறை சொல்ல இடமில்லை. அவளுடைய பல வரிகளைவிட நன்றாகவே இருந்தது.

பிரசுரங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவதும் வேதாகமப் பெண்ணின் வேலை. ஒரு கட்டை அவிழ்த்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, குடையைப் பிரித்து, டத்தோ கிராமாட் பக்கம் நடந்தாள். முதல் வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு ஓடிவந்து பலகையை எடுத்துப் போட்டாள்.

"புதுசா அச்சடிச்சிருக்காங்களாமே அக்கா? கடைசியில ஒங்களப் பத்தியே வருதாம். வாசிங்க, வாசிங்க. பக்கத்து வீட்டையும் கூப்புடட்டுமா?"

"கூப்புடு," என்றாள் பரிபூரணம்.

அவர்கள் வந்து உட்காரும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளைப் பிரித்து, அச்சில் இருந்தபடியே, முதலிலிருந்து வாசித்தாள்.